ஏகாதசியில் தின்ற வடை

நான் கணக்கு டீச்சர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் வயிற்றெரிச்சலுக்கெல்லாம் காரணம் இதுதான். கணக்கு டீச்சருக்கு எழுத வரும் என்று உலகத்தில் ஒருத்தரும் நம்புவதில்லை.

வீடு ஸ்ரீரங்கம், பள்ளிக்கூடம் மன்னார்புரம் பக்கம். தினமும் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டுகிற பிழைப்பு. பேரைச் சொல்லாமல் ஒரு வலைப்பூ எழுதிக்கொண்டிருந்தேன், ஏகாதசிக்கு ஏகாதசி மட்டும். எங்கள் வீட்டில் அன்று முழு விரதம், அடுப்பே பற்றவைக்க மாட்டோம். சமையல் இல்லாததால் நேரம் கிடைக்கும், சாப்பாடு இல்லாததால் கோபம் வரும். இரண்டும் சேர்ந்தால் எழுத்து தானாக வரும். வீட்டுக்காரர், நான் ஆன்லைன் வீட்டுப்பாடம் திருத்துகிறேன் என்று நினைத்து டி.வி. சத்தத்தைக்கூடக் குறைத்து வைப்பார். யார் கண்ணும் படாமல் நான் நானாக இருந்த இடம் அது ஒன்றுதான்.

அப்போதுதான் எங்கள் ஹெச்.எம். ஒரு கற்றல் செயலியை வாங்கினார். பிள்ளைகள் வீட்டிலிருந்தே மாலை வகுப்பில் சேர வேண்டும். யார் கவனிக்கிறார்கள் என்று செயலி கேமரா வழியாகப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கும். அதை அறிமுகப்படுத்த எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது, தலைப்பு பிரைவசி. "பாஸ்வேர்டை யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்று ஹெச்.எம். அரை மணி நேரம் பேசினார். பிறகு, யாரும் மறந்துவிடக் கூடாதே என்று எல்லோருடைய பாஸ்வேர்டையும் ஸ்டாஃப் ரூம் கரும்பலகையில் எழுதிப்போட்டார். பக்கத்தில் 'அழிக்காதே' என்று கட்டம் வேறு.

செயலி வேலையை ஆரம்பித்தது. எவனோ ஒரு பையன் போனைக் கூரையைப் பார்க்க வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டான். ஆடாமல் அசையாமல் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறிக்குச் செயலி எல்லா நட்சத்திரத்தையும் அள்ளிக் கொடுத்தது. மாதக் கடைசியில் 'மிகக் கவனமான மாணவர்' என்று மின்விசிறியின் படத்தோடு சான்றிதழ் வந்தது. ஹெச்.எம். பார்க்காமல் கையெழுத்துப் போட, அது அறிவிப்புப் பலகையிலும் ஏறிவிட்டது. இதை எழுதாமல் எப்படி இருப்பது? அடுத்த ஏகாதசிக்கு எழுதினேன். ஒரே நாளில் அது வாட்ஸ்அப்பில் திருச்சி முழுக்கச் சுற்றிவிட்டது.

"கருங்காலி நமக்குள்ளயேதான் இருக்காங்க. யாருன்னு மட்டும் தெரியட்டும், எழுதினதையும் அழிக்கணும், வேலையையும் விட்டுட்டுப் போகணும்" என்றார் ஹெச்.எம். வேலை போனால் வேறு பள்ளிக்கூடம் இருக்கிறது. அந்த வலைப்பூவை அழிக்கச் சொன்னால் நான் எங்கே போவேன்?

ஹெச்.எம்.மும் ஸ்ரீரங்கத்துக்காரர்தான், இல்லாவிட்டால் அந்த யோசனை அவருக்கு வந்திருக்காது. என் பதிவுகளின் தேதிகளை நாள்காட்டியோடு ஒத்துப் பார்த்திருக்கிறார். எல்லாம் ஏகாதசி! எழுதுகிறவர் விரதக்காரர்தான் என்று முடிவு கட்டிவிட்டார். சர்க்கரை வியாதி என்று டாக்டர் ஹெச்.எம்.மை விரதம் இருக்கவிடாததால், சந்தேகப் பட்டியலில் அவர் மட்டும் இல்லை. அடுத்த ஏகாதசி அன்று அவசரக் கூட்டம் போட்டார். மேசை நடுவில் ஒரு தாம்பாளம் நிறையச் சுடச்சுட மெதுவடை.

"எல்லாரும் எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரங்கா, மன்னிச்சுக்கோ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு எடுத்தேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து விடாத விரதம் ஒரு உளுந்து வடையில் போயிற்று. ஒன்றோடு நிறுத்தினால் சந்தேகம் வரும் என்று, சட்னி கேட்டு வாங்கி இன்னொன்றும் தின்றேன். ஆக, இரண்டு.

எடுக்காதவர் ஒருவர்தான், தமிழம்மா. அவரும் ஸ்ரீரங்கம். ஆனால் விரதமும் இல்லை, கிரதமும் இல்லை. தில்லை நகர் பல் டாக்டரிடம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வாய் நிறையப் பஞ்சோடு நேராகக் கூட்டத்துக்கு வந்திருந்தார். "நீங்கதானா?" என்று ஹெச்.எம். கேட்டார். தமிழம்மா கண்ணை உருட்டி, கையை ஆட்டி, "ம்ம், ம்ம்" என்றார். "மறுத்து ஒரு வார்த்தை பேச முடியலை பாருங்க" என்றார் ஹெச்.எம்.

விஷயம் பள்ளியின் கரஸ்பாண்டென்ட்டிடம் போகும், தமிழம்மாவுக்கு வேலை போகும் என்று பேச்சாயிற்று. என்னால் தாங்க முடியவில்லை. அன்று மாலையே ஹெச்.எம். அறைக்குப் போய், "மேடம், எழுதினது நான்" என்றேன்.

அவர் சிரித்தார். "சும்மா இருங்க டீச்சர். சட்னி கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை நான்தான் கண்ணால பார்த்தேனே."

போனை எடுத்து, வலைப்பூவுக்குள் நுழைந்து, பாதி எழுதிய பதிவைக்கூடக் காட்டினேன். "அவங்க பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, அவ்வளவுதானே? நம்ம ஸ்கூல்ல யாருக்கு யார் பாஸ்வேர்டு தெரியாது?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தோழியைக் காப்பாத்தணும்னு நினைக்கிறீங்க, நல்ல மனசு. ஆனா உங்க ஆண்டு அறிக்கையை எல்லாம் நான் படிச்சிருக்கேன். உங்களுக்கு எழுத வராதுங்க" என்றார்.

ஒளிந்துகொள்ள அத்தனை பாடுபட்டவள், வெளியே வர வழியில்லாமல் நின்றேன். எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு ஏகாதசி போதாது.

ஆனால் கரஸ்பாண்டென்ட் பதிவைப் படித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தாராம். செயலியை நிறுத்தச் சொல்லிவிட்டு, காலைக் கூட்டத்தில் தமிழம்மாவுக்குச் சால்வை போர்த்தினார். அதற்குள் பஞ்சை எடுத்துவிட்டிருந்த தமிழம்மா, மைக்கிலேயே "சத்தியமா நான் எழுதலைங்க" என்றார். "எழுதுறவங்களுக்கு இந்த அடக்கம் வேணும்" என்று கரஸ்பாண்டென்ட் சொல்ல, எல்லோரும் கை தட்டினார்கள். பாவம், தமிழம்மா மறுக்க மறுக்கக் கைதட்டல் கூடியது. கடைசியில் உட்கார்ந்துவிட்டார். நானும் கை தட்டினேன். உள்ளங்கை எரிந்தது.

அடுத்த ஏகாதசிக்கு ஒரு முடிவோடு உட்கார்ந்தேன். கணக்கு டீச்சர் நான்தான் எழுதினேன், தாம்பாளம் வந்தது, பயத்தில் இரண்டு வடை தின்றேன், ஹெச்.எம். அறையில் இப்படி அவமானப்பட்டேன் என்று ஒன்றுவிடாமல் கொட்டினேன். பெயர் ஒன்றுதான் போடவில்லை. வேலை போனாலும் போகட்டும், நான் எழுதினது என்னுடையது என்று தெரிந்தால் போதும் என்றிருந்தது.

மறுநாள் காலை பாரணைச் சாப்பாட்டோடு விரதத்தை முடித்து, அகத்திக்கீரை வாசம் கையில் இருக்கும்போதே ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்தேன். எல்லோரும் தமிழம்மாவைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள்.

"எப்படிங்க இப்படி எழுதுறீங்க? நம்ம கணக்கு டீச்சரை அப்படியே உரிச்சு வச்சிருக்கீங்களே! என் ரூம்ல நடந்ததை அவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க, சரி. ஆனா அந்தக் கோபம், அந்தப் பயம், எல்லாம் அச்சு அசலா அவங்களேதான்" என்றார் ஹெச்.எம். என்னைப் பார்த்ததும், "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். உங்களைப் பத்தி இவ்வளவு அழகா யார் எழுதப் போறாங்க? ஒரு நன்றி சொல்லுங்க" என்றார்.

அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால், தமிழம்மாவிடம் போய், "நன்றிங்க" என்றேன்.

தமிழம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். மணி அடித்து, ஒவ்வொருவராக வகுப்புக்குக் கிளம்பிப் போகும்வரை விடவில்லை. அறையில் நாங்கள் இருவர் மட்டும் ஆனதும் என் காதருகே குனிந்தார்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க டீச்சர். ஆனா பொய் எழுதக் கூடாது. அன்னிக்கு நீங்க சாப்பிட்டது மூணு வடை. வாயில பஞ்சோட எனக்கு வேற என்ன வேலை, நான் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்."