இடித்த பிளாக்கில் நாய்கள்

அந்தி நேரம். நெய்வேலியில் பஸ்ஸைத் தவறவிட்டு, இடித்துத் தள்ளிய ஒரு பிளாக் வழியாக நடக்கிறேன். சுரங்கக் கம்பெனி ஊழியர்களுக்குக் கட்டிய குவார்ட்டர்ஸ் வீடு ஒன்றுகூட மிச்சமில்லை. தெருவிளக்குகள் மட்டும் எரிகின்றன. செம்மண்ணில் நாய்கள் இடைவெளி விட்டு வரிசையாகப் படுத்திருக்கின்றன. ஒன்றும் குரைக்கவில்லை. சோற்றுத் தூக்கோடு நிற்கும் ஒரு பெண்ணிடம் விசாரிக்கிறேன்.

"அதுங்க அதுங்க வூட்டு வாசல்ல படுத்துக்கினு இருக்குதுங்க. நான் குறிஞ்சிப்பாடிலேர்ந்து வந்து சோறு வைக்கிறேன். முப்பது வருஷம் இங்கதான் இருந்தோம். கம்பெனி இடம்னு சொல்லி தாலுக்கா ஆபீஸ்ல பட்டா தர முடியாதுன்னாங்க. பஞ்சாயத்துல, இது எங்க எல்லையே இல்லன்னுட்டாங்க."

"இனி இங்கே என்ன வரும்?"

"யாரும் சொல்லலீங்க."

சோற்றை வைத்துவிட்டு என் காலைப் பார்க்கிறார். "செருப்பக் கழட்டிடுங்க. நீங்க நிக்கிறது எங்க சாமி ரூம்பு."

கழற்றுகிறேன். பகலெல்லாம் வெயிலில் கிடந்த மண், வீட்டுக்குள் இருக்கும் சிமென்ட் தரைபோலச் சில்லென்று இருக்கிறது.