முத்தையாவின் சவர்க்காரம்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். சிறைக்காவலனுக்கு உயிரோடு இருக்கிறவர்களைப் பார்த்துக்கொள்வதே பெரும்பாடு. ஆனால் இது என் கண்ணெதிரே நடந்தது, நம்பினால் நம்புங்கள்!

எந்தச் சிறை என்று கேட்காதீர்கள், பதுளைப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயதானவர்களும் நடக்க முடியாதவர்களும் இருக்கிற வார்டு என் பொறுப்பு. அதில் ஒருவர் நமுனுகுல தோட்டத்து முத்தையா. சீனி வருத்தம் முற்றிப் புண் ஆறாமல் இரண்டு காலையும் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவர் மனைவி தோட்டத்து லயத்து வீட்டில் இன்றோ நாளையோ என்று கிடந்தார். ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட வேண்டும், மனிதர் கேட்டது அவ்வளவுதான். அனுமதி வருவதற்குள் அந்த அம்மா போய்விடுவாரோ என்று எனக்கே தோன்றியது.

அன்று மத்தியானம் நல்ல மழை. முத்தையா என்னைக் கூப்பிட்டுச் சவர்க்காரம் கேட்டார். எதற்கு என்றேன்.

"மலைக்குப் போறேன் சேர். மழையில அட்டை ஏறுமில்ல, காலுக்குப் பூசணும்."

நானும் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் பிறந்தவன்தான், மழைநாளில் சவர்க்காரம் பூசாமல் தேயிலைக்குள் இறங்கினால் இரத்தம் குடிக்காமல் அட்டை விடாது என்று தெரியும். ஆனால் இவருக்குக் கால் எங்கே? கேலி செய்துகொண்டே ஒரு சோப்புத் துண்டைக் கொடுத்தேன். அவர் சிரிக்கவில்லை. தண்ணீரில் நனைத்து, வெறும் விரிப்பின் மேல் கால் இருக்கிற மாதிரியே மேலும் கீழும் தேய்த்தார், படுத்தார், தூங்கிப்போனார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கட்டிலை விட்டு அவர் இம்மியும் நகரவில்லை, எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்கிறேன்.

மழை விட்டதும் கண் விழித்து, "பாத்துட்டேன் சேர்" என்றார். விரிப்பை உதறப் போனேன். கால்மாட்டில், பாதம் இருக்கவேண்டிய இடத்தில், இரத்தம் குடித்து உருண்ட ஓர் அட்டை! டவுனுக்குள்ளே, சீமெந்துத் தரையில், அவ்வளவு பெரிய மதிலைத் தாண்டி!

மறுநாள் மகன் வந்தான். அம்மா நேற்று மழை நேரத்தில் போய்விட்டதாகச் சொல்லி அழுதான். போகும்போது என்னைத் தனியே கூப்பிட்டான்.

"கடைசியில என்னமோ பெனாத்துச்சுங்க சேர். ஒங்கப்பா வந்திருக்காரு, சவுக்காரம் பூசிக்கிட்டுத்தான் வந்திருக்காரு, அப்புடியும் கால்ல ஒரு அட்டை ஏறிருச்சு பாருன்னுச்சு. அப்பாவுக்கு ஏது சேர் காலு?"

அட்டையைப் பற்றி அவனிடம் நான் மூச்சு விடவில்லை.

இப்போதும் மழை பிடித்தால் முத்தையா கையை நீட்டுவார், நான் ஒன்றும் கேட்காமல் கொடுத்துவிடுவேன். வெறும் விரிப்பின் மேல் நனைத்து நனைத்துத் தேய்ப்பார். அவர் தூங்கியதும் நான் விரிப்பைத் தடவிப் பார்ப்பேன். ஈரமே இருக்காது. சவர்க்காரம் மட்டும் தேய்ந்துகொண்டே வருகிறது.