மைக் பிடித்த கை

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையோரம் பந்தல் போட்டு மோர் கொடுப்பது, பாயான் பாருவில் எங்கள் அடுக்குமாடி ஆட்களின் வழக்கம். கம்பு நட ஆள் உண்டு, மோர் கலக்க ஆள் உண்டு. எந்த வேலையும் உருப்படியாக வராத என் கையில் மைக்கைக் கொடுத்துவிடுவார்கள்.

ஒரு வருடம், மூன்றாம் மாடி அக்கா பந்தல் கூட்டத்தில் சொன்னார்: "போன வருசம் நம்ம பந்தல் கப்புங்கள லோங்காங்லேர்ந்து அள்ளி அள்ளி எனக்கு முதுகே போச்சு. இந்த வருசம் பிளாஸ்டிக் வேணாம்லா. எவர்சில்வர் டம்ளர் நான் கொண்டு வர்றேன். நானே கழுவுறேன்."

சொன்னபடியே தொழிற்சாலையில் விடுப்பு எடுத்து, மூன்று பேசின்களில் சுடுதண்ணீரோடு உட்கார்ந்தார். காலை முழுக்க அந்த லோங்காங் சாக்கடையில் ஒரு கப்கூட விழவில்லை. கழுவ நேரமானதால் வரிசைதான் நீண்டது. வரிசை சலித்துவிடக்கூடாதே என்று நான் மைக்கில் ஆரம்பித்தேன்.

"மெதுவா குடிங்கண்ணே. அந்த டம்ளருக்கு ஏற்கெனவே நாலு பேரு முத்தம் குடுத்துட்டுப் போயிருக்காங்க."

எல்லாரும் சிரித்தார்கள். பாதிப்பேர் அண்ணாந்துதான் குடித்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் ஜோக் கெட்டுவிடுமே. ஒரு அம்மா டம்ளரை அப்படியே மேசையில் வைத்துவிட்டு, "கப் இல்லையா தம்பி?" என்றார். பின்னால் நின்றவரும் கேட்டார். அதற்குப் பின்னால் நின்றவரும்.

பயந்துபோய், "டம்ளரெல்லாம் சுத்தம், சுடுதண்ணியில கழுவுனது" என்று அறிவித்தேன். அதற்கும் சிரித்தார்கள். என் வாயிலிருந்து வந்தால் எதுவும் ஜோக்தான் என்று ஊரைப் பழக்கியவன் நான்தானே.

யாரோ மோட்டார் சைக்கிளில் போய்க் கப் வாங்கி வந்தார்கள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வேலை செய்யலன்னா பரவால்ல தம்பி. சும்மாவாச்சும் இருந்திருக்கலாம்லா."

சாயங்காலம் மோர் படிந்த கப்புகள் சாக்கடையில் அடைத்துக்கொண்டு நின்றன. நான் அள்ளினேன். அடுத்த நாள் முதுகு என்ன ஆனது என்பதை எழுத வேண்டாம்.

மறு வருடம் பந்தல் கூட்டத்துக்கு அக்கா வரவில்லை. டம்ளரைக் கேட்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். இந்தத் தடவை வாயைத் திறக்க மாட்டேன், கழுவுவதும் நான்தான் என்றேன்.

"கோயில் சமையலுக்குக் குடுத்துட்டேன் தம்பி. அங்க மைக் இல்ல."

பழக்க தோஷம், சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. கதவை மெதுவாகத்தான் சாத்தினார்.

இந்த வருடமும் கப்தான் வாங்கினோம்.