குந்து என்றார்

கடலில் சொறிமீன் என்கிற ஜெல்லிமீன் பட்டு உடம்பெல்லாம் தடித்ததிலிருந்து, பலகையில் அலையேறும் ஆசையையே விட்டிருந்தேன். எழுபதுகளில் கல்மண்டபம் கடைத்தெருவில் ஒருவர், கப்பல்காரர்கள் கழித்துவிட்ட, கடலில் நீந்தப் போடும் ரப்பர் உடை விற்றார். அதைப் போட்டால் சொறிமீன் தோலில் படாது என்று, என் பெருத்த உடம்புக்குத் தொளதொளப்பானதை எடுத்தேன். அவர் அதைப் பிடுங்கிக்கொண்டு, ஒட்டிப்பிடிக்கும் ஒன்றைத் தந்தார். விலைபோகாத சரக்கைத் தலையில் கட்டுகிறாரோ?

"தொளதொளன்னா தண்ணி பூந்து உன்னிய இஸ்துகினு போயிடும். இத்தப் போட்டுகினு குந்து நைனா."

நடுத்தெருவிலா? ஊரைச் சிரிக்கவைக்கப் பார்க்கிறார் என்று முறைத்தேன். அவர் தன் தொப்பையோடு என் எதிரில் குந்தி, கைகளைத் தூக்கினார்.

"தோ, நானும் குந்திகினேன். சிரிக்கிறவன் ரெண்டு பேரையும் பாத்து சிரிக்கட்டும்."

போட்டுக்கொண்டு குந்தி, கைகளைத் தூக்கினேன். ரப்பர் என்னோடு மடங்கியது, கையோடு நீண்டது, மூச்சுக்கு இடம் விட்டது.

மறுநாள் அலைமேல் என் உடம்பை நம்பி எழுந்து நின்றேன். இன்றும் யாராவது குந்தச் சொன்னால் முதலில் சந்தேகம்தான் வருகிறது. பிறகு அந்தத் தொப்பை நினைவுக்கு வருகிறது.