காதில் பஞ்சும் கையில் காற்றாடியும்

“காத்து நல்லதுன்னா என் காதுல ஏம்மா பஞ்சு வைக்கே?”

போன ஆடியில் என் மகள் கேட்டது இது. அப்போது ஒன்றாம் வகுப்பில் இருந்தாள். அடுத்த ஆடியும் வரப்போகிறது. இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை.

ஆனி பாதியிலேயே எங்கள் ஊரில் காற்று தொடங்கிவிடும். குற்றாலத்தில் சாரல் என்பார்கள். சங்கரன்கோவிலுக்கு வந்து சேர்வது மலையைத் தாண்டிய வெறுங்காற்றும் அது வாரிக்கொண்டு வரும் புழுதியும்தான். காலையில் பெருக்கிய வீட்டை மத்தியானம் மறுபடி பெருக்க வேண்டும். தண்ணீர்ப் பானையின் மூடிமேல் கல். சோற்றில் மண் நறநறக்கும்.

போன ஆடிக்கு முந்தைய ஆடியில் மகளுக்கு மூச்சிழுப்பு வந்தது. அவள் விலா உள்ளே போய் வருவதைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் திருநெல்வேலி போனோம். அங்கே டாக்டர், பிள்ளைக்குக் காற்று படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். திரும்பி வந்ததும் உள்ளூர் டாக்டர், ஜன்னலைத் திறந்து வையுங்கள், காற்றோட்டம் வேண்டும் என்றார். இருவரும் படித்தவர்கள். நான் ஜன்னலைத் திறப்பேன். பயம் வந்ததும் சாத்துவேன்.

காற்று காது வழியாகத்தான் உடம்புக்குள் போகிறது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் காற்றுக் காலத்தில் பிள்ளைகளின் காதில் பஞ்சு வைப்பார்கள். பள்ளி இறுதி வரை படித்தவள் நான். அது சரியில்லை என்று தெரியும். ஆனாலும் வைத்தேன். வைக்காமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால்?

போன ஆடியில் பள்ளியில் காற்றுப் பாடம் வந்தது. வீட்டிலும் சொல்லிக்கொடுங்கள், வெள்ளிக்கிழமை பிள்ளைகள் காற்றாடி கொண்டுவரட்டும் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். அடுக்களை வேலையை முடித்து, இடுப்பு வலியோடு பின்வாசலில் மகளையும் மூன்று வயது மகனையும் உட்கார வைத்தேன். உளுந்தைச் சொளகில் போட்டுப் புடைத்துக் காட்டினேன். தொலி பறந்தது, பருப்பு தங்கியது. ஒரு ஈரக் கைக்குட்டையைக் கொடியில் போட்டேன். இன்னொன்றைச் சுருட்டி டப்பாவுக்குள் வைத்தேன். கொடியில் கிடந்தது சீக்கிரம் காய்ந்தது.

“பாத்தியா, காத்து ஈரத்தை எடுத்துட்டுப் போயிட்டு. காத்து இல்லன்னா மூச்சே விட முடியாது. காத்து ரொம்ப நல்லது.”

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

“கொஞ்சமா இருந்தா நல்லது,” என்றேன்.

“கொஞ்சம்னா எவ்வளவு?”

அதற்குள் சின்னவன் சொளகுக்குள் குனிந்து ஊதி, தொலியையெல்லாம் தன் தலையிலேயே கொட்டிக்கொண்டான். அவனைத் தட்டிவிடும் சாக்கில் தப்பித்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா பனையோலையைக் கீறி, முள்ளில் குத்தி, காற்றாடி செய்து கொடுத்தாள். வெள்ளிக்கிழமை காலையில் மகளைப் பார்த்துச் சிரித்தாள்.

“மப்ளர், காதுல பஞ்சு, கம்பளிச் சட்டை. ஏ தங்கச்சி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புதியா, ஊட்டிக்கு அனுப்புதியா?”

“போங்கக்கா,” என்றேன். மப்ளரை இன்னும் இறுக்கினேன்.

நெசவாளர் தெரு வழியாக நடந்தோம். மகள் காற்றாடியை உயர்த்திப் பிடித்து, அதையே பார்த்துக்கொண்டு முன்னால் ஓடினாள். பின்னாலிருந்து நூல் மூட்டையோடு ஒரு சைக்கிள் வந்தது. மணி விடாமல் அடித்தது. நானும் கத்தினேன். அவள் திரும்பவே இல்லை. சைக்கிள்காரர் ஒடித்துத் திருப்பியதில் மூட்டை சரிந்தது. ஹேண்டில் இடித்து அவள் விழுந்தாள். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

“மணி அடிச்சுக்கிட்டுத்தானம்மா வாரேன்,” என்றார் அவர். கோபமில்லாமல், இரக்கமாக, “பிள்ளைக்குக் காது கேக்காதோ?” என்று கேட்டார்.

“கேக்கும் அண்ணாச்சி,” என்றேன். அங்கேயே மப்ளரை அவிழ்த்து, இரண்டு பஞ்சையும் எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

மகள் அழுகையை நிறுத்திவிட்டுக் காற்றாடியைக் காதருகே கொண்டுபோனாள். “எம்மா, இது சத்தம் போடுது.”

சாயங்காலம் தலைமுடியெல்லாம் புழுதியோடு, வாயெல்லாம் சிரிப்போடு வந்தாள். மைதானம் முழுக்க ஓடினார்களாம். அவளுடைய காற்றாடிதான் நிற்கவே இல்லையாம். அவ்வளவு பேசி நான் அவளைப் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் மூச்சு இழுத்தது.

“பஞ்சை எடுத்தல்லா, அதான்,” என்றாள் ஊட்டி என்று கேலி செய்த அதே அக்கா.

“எடுக்காம இருந்தா இன்னொரு சைக்கிள் மேல ஏறியிருக்கும்,” என்றார் என் கணவர். “காத்துக்குப் பயந்தா இந்த ஊர்ல குடியிருக்க முடியுமா?” சொல்லிவிட்டு அவரே எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

உள்ளூர் டாக்டர் ஊசி போட்ட பிறகு மெல்ல அடங்கியது. தலையணையில் சாய்ந்துகொண்டு, காற்றாடியை மேசை விசிறிக்கு முன்னால் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். சுற்றியது.

“இது நல்ல காத்தாம்மா?”

தலையை ஆட்டினேன். அவள் கண் மூடியதும் விசிறியை நிறுத்தினேன். வேர்த்ததும் மறுபடி போட்டேன்.

காரணம் காற்றா, புழுதியா, ஓட்டமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தக் காற்றாடி ஆணியில் காய்ந்து தொங்குகிறது. ஆடி பிறந்ததும் அதைக் கேட்பாள். வேண்டாம் என்றால் அந்தச் சிரிப்பு போய்விடும். சரி என்றால் விலா கண்முன் வருகிறது.

இழுப்புள்ள பிள்ளையை வளர்த்தவர்கள் இதை வாசித்தால் எனக்கு எழுதுங்கள். காற்றுக் காலத்தில் எந்த நேரம் வெளியே விட்டீர்கள், எப்போது உள்ளே கூப்பிட்டீர்கள்? காற்று நல்லது என்றும் சொல்லி, கதவையும் சாத்தும்போது, பிள்ளையிடம் என்ன சொன்னீர்கள்?