கதவோரக் கட்டில்

ஆஸ்பத்திரி வார்டுக்காக நாங்கள் செய்த வலைப்பக்கத்தைச் சரிபார்க்க, எங்கள் திருவனந்தபுரம் ஆபீசுக்கு ஒரு நர்ஸ் வந்தார். பொன்முடி தேயிலை எஸ்டேட்டின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்த தமிழர். நரைத்த கொண்டை, மவுஸை இரண்டு கையாலும் பிடிக்கும் பழக்கம். திரையில் நோயாளியின் பெயர்ப்பெட்டியை இழுத்தால் கட்டில் மாறும். இறந்துவிட்டதாகக் குறித்தால் பெட்டி அதற்குமேல் நகராது. ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்டபடியே அப்படிப் பூட்டியிருந்தேன்.

அவர் ஒரு பெட்டியை மெதுவாக இழுத்துக் கதவோரக் கட்டிலில் வைத்தார்.

"எதுக்கு சிஸ்டர் அங்க?" என்றேன்.

"சாகப் போறவங்கள அங்கதான் மாத்துவோம். வெளிய கொண்டுபோக எளுப்பமல்லோ."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"பின்னே? கட்டில் உருளத் தொடங்கும்போதே அறியும்."

பிறகு 'இறந்தார்' என்பதை அழுத்தி, பெட்டியை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"சரியாயிருக்கு சார்" என்று எழுந்தார்.

சோதனைக்காக அந்தப் பெட்டியில் நான் போட்டுவைத்திருந்தது என் பெயர்.