ஆற்றுக்கு அக்கரையில் ஒரு சம்பந்தி

அணுமின் நிலையத்தின் மூன்றாம் காவல் கோபுரத்தில் பணியாற்றியவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டுமே உயிரோடு இருந்தது. மற்ற எல்லாருக்கும் அவர் கொக்கு. நெடுநெடுவென்ற உடம்பு, உடம்புக்குப் பொருந்தாத இன்னும் நெடிய கழுத்து, கழுத்தின் முனையில் எந்நேரமும் ஒட்டிக்கொண்டிருக்கும் பைனாகுலர். ஒரு மனிதர் கொக்காவதற்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

ஆற்றின் இக்கரையில் இவர்களுடைய நிலையம். அக்கரையில் பக்கத்து நாட்டுக்காரர்களுடையது. இரண்டும் ஒரே ஆற்றுத் தண்ணீரைத்தான் குடித்துக் குளிர்ந்தன. ஆனாலும் ஒன்றையொன்று பார்த்துக் கொதித்துக்கொண்டேயிருந்தன. அக்கரையார் ஒரு தேடுவிளக்கு வைத்தால் இக்கரையில் இரண்டு எரியும். உடனே அங்கே நான்கு எரியும். இந்தப் போட்டியில், இரவு என்று ஒன்று உண்டு என்பதே அந்த ஆற்று மீன்களுக்கு மறந்துபோயிற்று. நாய் விஷயத்திலும் அப்படித்தான். இரு கரை மோப்ப நாய்களும் ஒன்றோடொன்று குரைத்துப் பேசுவதில் மும்முரமாக இருந்ததால், வாசலில் வரும் பைகளை மோந்து பார்க்க அவற்றுக்கு நேரமிருக்கவில்லை.

“அவன் ஒண்ணு வெச்சா நாம ரெண்டு வைக்கணும்.” பாதுகாப்பு அதிகாரியின் கொள்கை முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும். எதிர்க்கரையில் புதிதாக எது தென்பட்டாலும் தொலைபேசியில் அவருக்குத் தெரிவிப்பதே கோபுரக் காவலர்களின் வேலை.

கொக்குவின் கோபுரத்துக்கு நேர் எதிரே அக்கரைக் கோபுரத்தில் பருத்த மனிதர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கொக்கு அவருக்குச் சம்பந்தி என்று பெயர் வைத்திருந்தார். பெண் கொடுத்ததும் இல்லை, எடுத்ததும் இல்லை. ஆனால் வாய்விட்டு ஒரு வார்த்தை பேசாமல், எதிரே அமர்ந்து, நாம் எப்போது கொட்டாவி விடுகிறோம், எத்தனை கவளம் சாப்பிடுகிறோம் என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பவரை வேறு எந்த முறை சொல்லித்தான் அழைப்பது? சம்பந்திக்குப் பல்வலி வந்து கன்னம் வீங்கிய வாரத்தில் கொக்குவுக்கும் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

கொக்குவின் வீடு நிலையத்துக் குடியிருப்பின் நான்காவது மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. அவர் மனைவிக்கோ இரண்டு முழங்காலும் தேய்ந்து போயிருந்தன. காய்கறி வாங்கவோ கொக்குவின் மதியச் சாப்பாட்டைக் கோபுரத்துக்கு எடுத்துப்போகவோ கீழே போனால், மூன்றாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்து, கட்டடம் கட்டியவரின் வம்சத்தை விசாரித்துவிட்டுத்தான் மேலே வருவார். இந்நிலையில் மேற்பார்வையாளர் பதவி ஒன்று காலியாகவிருந்தது. அந்தப் பதவியோடு தரைத்தள வீடும் சேர்ந்து வரும். கொக்குவுக்குத்தான் அது கிடைக்கும் என்று பேச்சு அடிபட்டது. தையல் இயந்திரத்தை அந்த வீட்டின் எந்த ஜன்னலோரம் போடுவது என்பதை அம்மையார் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார்.

குறுக்கே வந்தது முதுகுவலி. கோபுரத்தில் இருந்தது சாய்மானமில்லாத முக்காலி. சாய்ந்தால் தூங்கிவிடுவார்கள் என்பது அதிகாரியின் கணிப்பு. அதில் வருடக்கணக்காக உட்கார்ந்த முதுகு ஒருநாள் நிமிர மறுத்தது. நிலையத்து மருத்துவர் சில பயிற்சிகள் சொல்லிக் கொடுத்தார். இரு கைகளையும் உயர்த்திப் பக்கவாட்டில் சாய வேண்டும். ஒற்றைக் காலில் நின்று மற்றொரு முழங்காலை மார்பில் அணைக்க வேண்டும். கடைசியில் கழுத்தை இருபுறமும் மெல்லத் திருப்ப வேண்டும். பணி நேரத்தில் பைனாகுலரைக் கீழே வைப்பது குற்றம். என்றாலும் கொக்கு காலையில் வீட்டில் செய்ததோடு நிற்காமல், கோபுரத்திலும் அவற்றைச் செய்து வந்தார்.

சில நாட்கள் சென்றன. ஒரு காலையில் சம்பந்தி எழுந்து நின்றார், இரு கைகளையும் உயர்த்தினார், பக்கவாட்டில் சாய்ந்தார். பாவம், அவருக்கும் முதுகு பிடித்துக்கொண்டது போலும் என்று கொக்கு இரக்கப்பட்டார். அந்த இரக்கத்தில் தொலைபேசியைத் தொடவில்லை. இரண்டாம் கோபுரத்துக்காரர் தொட்டுவிட்டார்.

அதிகாரி அரக்கப்பரக்க வந்து பார்த்தார். சந்தேகமேயில்லை, அது ரகசியச் சைகைதான் என்றார். உயர்த்திய கைகள் நிலையத்தின் இரண்டு அணு உலைகள். அணைத்த முழங்கால் பதுங்கியிருக்கும் படை. கழுத்துத் திருப்பம் தாக்கும் திசை. இந்த விளக்கம் அன்றைக்கே தலைநகருக்குப் போயிற்று. வழக்கம்போல் இங்கிருந்தும் இரட்டிப்பாகப் பதில் கொடுப்பதென்று முடிவாயிற்று.

மறுநாள் மாலை குடியிருப்பின் நடுவிலிருந்த திடலில் காவலர்கள் அனைவரும் அணிவகுத்தனர். அதிகாரி முன்னால் நின்று கைகளை உயர்த்த, அத்தனை பேரும் உயர்த்தினர். அதிகாரி ஒற்றைக் காலில் நின்றார். பின்வரிசையில் இருவர் விழுந்தனர். நான்காவது மாடியிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த கொக்குவின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கணவர் வீடு வந்து சேரும்வரை அந்தச் சிரிப்பு அடங்கவில்லை.

“ஏங்க, உங்க முதுகுவலி ஊர் பூரா பரவிடுச்சு போல?”

“மெதுவாப் பேசு. அது எதிரியோட சைகை.”

“எதிரியா? தினமும் காலையில கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவுல நின்னு ஆடுறது யாரு, எதிரியா?”

கொக்கு அப்படியே உட்கார்ந்துவிட்டார். சம்பந்திக்கு முதுகுவலியே இல்லை, இவரைப் பார்த்துத்தான் செய்திருக்கிறார். சம்பந்தியின் மேலதிகாரிக்கும் இதே கொள்கைதான் என்பது அவருக்கு உறைத்தது. உண்மையைச் சொன்னால், பணி நேரத்தில் பைனாகுலரைக் கீழே வைத்ததையும் சொல்ல வேண்டும். சொன்னால் பதவி போய்விடும். பதவி போனால் தரைத்தளமும் தையல் இயந்திரத்து ஜன்னலும் போய்விடும். இதை அவர் விளக்கியதும் அம்மையார் தம் முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டு, சரி, வாயைத் திறக்க வேண்டாம் என்று தீர்ப்பளித்தார்.

ஆனால் விவகாரம் வளர்ந்துகொண்டே போயிற்று. இரு கரைக் கோபுரங்களிலும் ஆட்கள் இரண்டிரண்டாய், நான்கு நான்காய் நின்று சாய்ந்தார்கள், அணைத்தார்கள், திருப்பினார்கள். தாக்குதல் எந்த நேரமும் வரலாம் என்று அதிகாரி அறிவித்தார். சங்கு ஒலித்ததும் குடியிருப்புக் குடும்பங்கள் அனைத்தும் வீட்டைப் பூட்டிக்கொண்டு திடலுக்கு இறங்கிவிட வேண்டும் என்பது அடுத்த உத்தரவு. ஒத்திகைக்காகச் சங்கு தினமும் ஒலித்தது.

முதல் நாள் அம்மையார் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார். அடுத்த நாள் கைப்பிடிச் சுவரோடு சண்டை போட்டுக்கொண்டே இறங்கினார். அதற்கடுத்த நாள் இறங்கினார். ஆனால் ஏற மறுத்துவிட்டார். திடலின் சிமெண்டு பெஞ்சில் அமர்ந்து, தேடிவந்த கணவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“தரைத்தள வீடு எனக்கு எதுக்கு?”

“உன் முட்டிக்குத்தான்.”

“அது வந்து சேர்றதுக்குள்ள முட்டியே இருக்காது. நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் போகட்டுமா?”

கொக்கு போனார். அதிகாரி அறைச் சுவரில் கோபுரங்களின் வரைபடம் தொங்கியது. முக்காலி, முதுகு, மருத்துவர், கட்டில், பீரோ என்று எதையும் விடாமல் கொக்கு சொல்லி முடித்தார். அதிகாரி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“என்னய்யா, இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?”

“வீட்ல தெரியும் சார்.”

“தலைநகரத்துல தெரியுமா?”

“தெரியாது சார்.”

“அப்போ எனக்கும் தெரியாது.” அவர் தம் இடுப்பை இருபுறமும் மெதுவாக அசைத்துப் பார்த்துக்கொண்டார். “ஆனா ஒண்ணு, எனக்கு ரொம்ப நாளா இருந்த பிடிப்பு விட்டிருக்கு. போய் நாளையிலேர்ந்து நிறுத்து.”

கொக்கு நிறுத்தினார். மற்ற கோபுரங்களும் நிறுத்தின. சம்பந்தி ஒரு பகல் முழுவதும் குழம்பிய முகத்தோடு இவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவரும் நிறுத்தினார். நமது உறுதியைக் கண்டு எதிரி பின்வாங்கினான் என்று தலைநகருக்குத் தகவல் போயிற்று. அதிகாரிக்குப் பாராட்டு வந்தது.

மேற்பார்வையாளர் பதவியோ இரண்டாம் கோபுரத்துக்காரருக்குப் போயிற்று. கொக்குவைக் கோபுரத்திலிருந்து இறக்கிவிட்டால் அக்கரையார் யாரைப் பார்த்து நிறுத்துவார்கள் என்று அதிகாரி கேட்டாராம். தையல் இயந்திரம் இருந்த இடத்திலேயே இருந்தது. அம்மையார் இரண்டு நாட்கள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசியபோது, இனிமேல் சாப்பாட்டுத் தூக்கோடு கோபுரத்துப் படியில் தம்மால் ஏறமுடியாது, வேண்டுமானால் கயிறு கட்டி இழுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

கொக்கு சொன்னபடியே செய்தார். கோபுரத்து விட்டத்தில் ஒரு கப்பி மாட்டி, வாளி கட்டி, தூக்கை அதில் வைத்து மேலே இழுத்தார். மூன்று நாட்களில் சம்பந்தியின் கோபுரத்திலும் ஒரு வாளி ஏறிற்று. கொக்கு இம்முறை கடமை தவறாமல் தொலைபேசியை எடுத்தார்.

“சார், அங்க ஒரு வாளி போட்டிருக்காங்க.”

இங்கே இரண்டு வாளிகள் வந்தன. அங்கே வாளிக்கு மோட்டார் பூட்டினார்கள். இங்கே இரண்டு மோட்டார்கள் வந்தன. மழைக்காலம் முடிவதற்குள் அக்கரைக் கோபுரத்துக்கு லிஃப்ட் வந்துவிட்டது. சற்றுத் தள்ளித் தெரிந்த அவர்களுடைய குடியிருப்பிலும் சாரம் கட்டி ஏதோ நடந்தது. கொக்கு பைனாகுலரை நன்றாகத் துடைத்துப் பார்த்துவிட்டு, கண்டதைக் கண்டபடி சொன்னார்.

“குடியிருப்புக்குமா?” என்று கேட்டார் அதிகாரி. “எத்தனை?”

“ஒண்ணுதான் சார்.”

இப்போது கொக்குவின் கட்டடத்தில் இரண்டு லிஃப்ட்கள் ஓடுகின்றன. ஒன்று எப்போதும் பழுது. மற்றொன்றில் அம்மையார் முதன்முதலாகக் காய்கறிப் பையோடு ஏறியபோது கொக்குவும் உடன் இருந்தார். மூன்றாவது மாடியைக் கடக்கையில் அம்மையார், பழைய வழக்கத்தில், கட்டடம் கட்டியவரைத் திட்ட வாயெடுத்துவிட்டு மூடிக்கொண்டார்.

“அவங்க எதுக்குங்க குடியிருப்புக்கும் லிஃப்ட் போட்டாங்க? இங்கதான் அப்போ எதுவும் இல்லையே, பார்த்துப் போட.”

கொக்குவுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. பருத்த சம்பந்தி தம் அதிகாரியிடம் தொலைபேசியில் என்ன சொல்லியிருப்பார் என்று அவர் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறார்.

“சம்பந்தியம்மாவுக்கும் முட்டிவலி இருக்கும்போல” என்றார்.